திறக்கத் தெரிந்தவன்

கலியாணசுந்தரம் காருக்குள் உட்கார்ந்து சட்டையைக் கழற்றியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அறுபத்தேழாம் வருஷத்து வைகாசி. சின்ன காஞ்சிபுரத்தில் கருட சேவை. விடிவதற்கு முன்பே சன்னதித் தெருவில் கால் வைக்க இடமில்லை. பட்டுக்கடை முதலாளி கலியாணசுந்தரத்துக்கு அந்த வருஷம் கோயிலில் பரிவட்டம் கட்டுவதாக ஏற்பாடு. அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள வெற்று மார்போடுதான் போய் நிற்க வேண்டும். நாலு பேர் பார்க்கத் தெருவில் நின்று சட்டையைக் கழற்ற முதலாளிக்குக் கூச்சம். ஆகவே காருக்குள் இருந்தபடியே கழற்றினார். மடித்து இருக்கையில் வைத்தார். செருப்பையும் உள்ளேயே விட்டார். கதவின் உள் கைப்பிடியை முன்னால் தள்ளிவிட்டு இறங்கி, கதவை அறைந்து சாத்தினார். அப்படிச் சாத்தினால் அந்த வண்டி தானே பூட்டிக்கொள்ளும். பரிவட்டமும் மாலையுமாகத் திரும்பி வந்து இடுப்பைத் தடவியபோதுதான் அவருக்கு உறைத்தது. சாவி சட்டைப் பையில் இருந்தது. சட்டை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சாமிக்காகச் சட்டையைக் கழற்றிச் சாவியைத் தொலைக்கிறவர்கள் அந்த ஊருக்குப் புதிதல்ல. வருஷத்தில் நாலைந்து பேராவது இப்படி நிற்பார்கள். நின்றதும் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: "அக்பர் பாயக் கூப்புடுங்கபா."

அக்பருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு மரப்பெட்டி, அதற்கு மேலே ஒரு சாக்குப் படுதா, அதுதான் அவர் கடை. பூட்டு, குடை, ஸ்டவ், டார்ச் லைட் எல்லாம் ரிப்பேர் செய்வார். பூட்டு வேலை அவர் அப்பா காசிம் சாயபு கற்றுக்கொடுத்தது. கார் வேலை மதராசில் ஒரு பட்டறையில் எட்டு வருஷம் கார் கதவுகளோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டது. கார் திறக்க அவர் வைத்திருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று. நூல் மூட்டைகளை இறுக்கிக் கட்டி வருமே இரும்புப் பட்டை, அதில் ஒரு முழம் வெட்டி, நுனியைக் கொக்கி போல வளைத்து, விளிம்பைக் கை அறுக்காதபடி அரத்தால் ராவி வைத்திருந்தார். முன் கதவின் முக்கோணக் கண்ணாடிக்கும் அதன் ரப்பருக்கும் நடுவே சோப்புத் தண்ணீரைத் தடவி, பட்டையை உள்ளே விட்டு, கண்ணாடியின் தாழை நெம்பி, அந்த இடுக்கில் கையை நுழைத்துக் கைப்பிடியைப் பின்னால் இழுப்பார். இரண்டு நிமிஷம். கண்ணாடியில் கீறல் இருக்காது. ரப்பரில் கிழிசல் இருக்காது.

ஆனால் பட்டையைக் கையில் எடுக்கும் முன்பு அவரிடம் ஒரு சட்டம் உண்டு.

"மொதலாளி, உள்ள இன்னா இருக்குது? வெளியிலேர்ந்து பாத்தா தெரியாத சாமான் ஒண்ணு சொல்லுங்க."

கலியாணசுந்தரத்துக்குச் சுருக்கென்றது. "இன்னா பாய், என் வண்டிக்கு நானே சாட்சி சொல்லணுமா? ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரியும். என் பட்டைக்குத் தெரியாது. சொல்லுங்க மொதலாளி."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "டேஷ்போர்டுல மூக்குப்பொடி டப்பா இருக்குது. பொடி போடறத நிறுத்திட்டேன்னு வூட்ல சொல்லியிருக்கறேன், கத்தாதே."

கூட்டம் சிரித்தது. அக்பர் இரண்டு பேரைச் சாட்சிக்குப் பக்கத்தில் நிறுத்தினார், திறந்தார், மூக்குப்பொடி டப்பாவை எடுத்து அந்த இருவருக்கும் காட்டிவிட்டு முதலாளி கையில் கொடுத்தார்.

இந்தச் சட்டம் சும்மா வந்ததல்ல. காசிம் சாயபுவை ஒருவன் கூட்டிப்போய், "என் வூடு, சாவி தொலைஞ்சிடுச்சி" என்று சொல்லி ஒரு கதவைத் திறக்க வைத்தான். அது அவன் அண்ணன் வீடு. பாகத் தகராறு. ஒன்றும் அறியாத காசிம் சாயபு அதற்காக இரண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் கேள்வி கேட்காமல் எந்தத் தாழிலும் கை வைத்ததில்லை. பெரிய மனிதர்களுக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. அவர்களைக் கேள்வி கேட்கிறவர்கள் ஊரில் அவ்வளவு குறைவு.

கலியாணசுந்தரம் சட்டையை மாட்டிக்கொண்டு, போகிற போக்கில் ஒரு வேடிக்கை சொன்னார். "நல்ல காலம்யா, பாய் நல்லவரா போயிட்டாரு. இவரு மட்டும் திருடனா இருந்தா நம்ம கதி இன்னா?" எல்லாரும் சிரித்தார்கள். அக்பரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவர் பின்னால் எத்தனையோ நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அதே கார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஓட்டல் வாசலில் நின்றிருந்தது. உள்ளே மதராசுக்குப் போக வேண்டிய பட்டுப்புடவைக் கட்டு. முதலாளி காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது முக்கோணக் கண்ணாடி நொறுங்கி இருக்கை முழுக்கச் சிதறிக் கிடந்தது. புடவைக் கட்டைக் காணோம்.

அவர் போலீசுக்குத்தான் முதலில் போயிருக்க வேண்டும். அவர் போனது முசரவாக்கத்து மைக்காரரிடம். வெற்றிலையில் கறுப்பு மை தடவி, கற்பூரம் காட்டி, அதில் திருடன் முகம் தெரிகிறது என்று சொல்லிப் பிழைக்கிற மனிதர். மைக்காரர் வெற்றிலையை உற்றுப் பார்த்தார். தாடி தெரிகிறது என்றார். கையில் இரும்பு தெரிகிறது என்றார். கலியாணசுந்தரம் போகும்போதே மனசில் ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வெற்றிலை அதைத் திருப்பிக் கொடுத்தது. படித்தவர், லட்சக்கணக்கில் வியாபாரம் செய்கிறவர், மதராசுக் கடைக்காரன் ஒரு புடவைக்கு வாய்ச் சொல்லாக விலை சொன்னால் நம்பாமல் இரண்டு கடிதம் கேட்கிறவர், ஒரு மனிதனை ஜெயிலுக்கு அனுப்ப ஒரு வெற்றிலை போதும் என்று நினைத்தார்.

அதைவிடப் பெரிய கூத்து, சப் இன்ஸ்பெக்டர் தனசேகரனும் அப்படியே நினைத்தது.

மத்தியானம் அக்பர் ஒரு ஸ்டவ்வைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது வந்து அழைத்துப் போனார்கள். அவர் மனைவி மெஹதாப் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து பார்க்கையில் கடையில் ஸ்டவ்வின் உறுப்புகள் மட்டும் இருந்தன.

"ஊர்ல கார் தொறக்கத் தெரிஞ்சவன் யாருடா?" என்று கேட்டார் தனசேகரன்.

"நான்தாங்க."

"அப்போ எடுத்தவன் யாரு?"

"ஐயா, அந்தக் கண்ணாடியப் போயிப் பாத்தீங்களா? ஒடைச்சிருக்கான். தொறக்கத் தெரிஞ்சவன் இன்னாத்துக்குங்க ஒடைக்கணும்? ஒடைச்சவனுக்குத் தொறக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சத்தம் வராம எடுத்துக்கினு போயிருப்பான்."

இதைவிட நேரான வாதத்தை எந்த வக்கீலும் சொல்லியிருக்க முடியாது. அதற்குக் கன்னத்தில் ஓர் அறை பதிலாக வந்தது.

"எனக்கே பாடம் சொல்றியா? மையில உன் மூஞ்சி தெரிஞ்சிருக்குதுடா, தாடியோட."

"மையில தாடிதானுங்க தெரிஞ்சுது. இந்த ஊர்ல தாடி வச்சவங்க எத்தினி பேரு? கோயில் வாசல்ல ஒக்காந்துக்கினு இருக்கற சாமியாருங்கள்லாம் தாடிதான்."

அந்த வார்த்தைக்கு லத்தி வந்தது. எந்த விரலால் திறந்தாய் என்று கேட்டுக் கேட்டு, வலது கையை மேசை மேல் வைத்து அடித்தார்கள். மூன்று நாள். மெஹதாப் கலியாணசுந்தரத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "ஒரு வார்த்தை சொல்லுங்க மொதலாளி. உங்க வண்டிய அவரு எப்பிடித் தொறந்தாருன்னு மட்டும் சொல்லுங்க. கேள்வி கேட்டு, சாட்சி வச்சித் தொறந்தாருன்னு சொல்லுங்க."

"அவருக்குத் தொறக்கத் தெரியும்னு எனக்குத் தெரியும்மா. அதுக்கு மேல போலீஸ் விஷயம். நமக்கு இன்னாத்துக்கு?" என்றார் அவர்.

நாலாம் நாள் அரக்கோணத்தில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். கடை முத்திரையோடு புடவைகள் அவர்களிடமே இருந்தன. ஒருவன் கையில் கண்ணாடி கிழித்த காயத்துக்குக் கட்டு. இரண்டு பேருக்கும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, தாடிக்கு எங்கே போவது!

அக்பரை விட்டார்கள். மன்னிப்பா? அந்த வார்த்தை அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததே இல்லை. மைக்காரரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கலியாணசுந்தரம் புடவைகள் கிடைத்ததற்காகக் கோயிலில் அர்ச்சனை செய்தார். அக்பர் வெளியே வரும்போது ஹெட் கான்ஸ்டபிள் பரசுராமன் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாய், வாரத்துக்கு ஒரு தபா வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ. கேடி லிஸ்ட்ல உன் பேரு ஏறிடுச்சி."

"திருடன்தான் கெடைச்சிட்டானே?"

"கெடைச்சிட்டான். ஆனா எழுதனது எழுதனதுதான். அந்த நோட்டுல ஏத்தறதுக்குத்தான் வழி இருக்குது பாய், எறக்கறதுக்கு இல்ல."

கேடி என்றால் பழகிய குற்றவாளி. ஊரில் எங்கே எது காணாமல் போனாலும் முதலில் அந்த நோட்டைத்தான் புரட்டுவார்கள். அதைவிடக் கொடுமை, திருவிழா என்றால் அந்த நோட்டில் உள்ளவர்களை விடியும் முன்பே கொண்டுவந்து ஸ்டேஷன் பின்கட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். முன்னெச்சரிக்கையாம். அக்பருக்கு வருஷத்தில் நாலு காசு பார்க்கிற நாள்களே திருவிழா நாள்கள்தான். இனி அந்த நாள்களில் அவர் செய்யாத திருட்டுகளுக்காகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவர் வலது கை ஆள்காட்டி விரல் நேராகக் கூடவில்லை. நடு முட்டியில் வளைந்தே நின்றுவிட்டது. திருகாணி நழுவும், சாவிக்கு ராவும் அரம் தடம் மாறும். பூட்டு கொண்டுவருகிறவர்களும் குறைந்தார்கள். "போலீஸ் லிஸ்ட்ல இருக்கறவராச்சே" என்று சொல்லாமல் சொல்லி அடுத்த தெருவுக்குப் போனார்கள். மாற்றுச் சாவி போட்டுக்கொண்டு போனவர்களே, ஒரு சாவியை இவர் தன்னிடம் வைத்திருப்பாரோ என்று பூட்டையே மாற்றினார்கள். மதராசுக்கே போய்விடலாம் என்றாள் மெஹதாப். "போனா ஓடிப்பூட்டான்னு சொல்லுவாங்க" என்றார் அவர். கோபம் அவருக்கு உள்ளேயே வெந்துகொண்டிருந்தது. சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் மெஹதாப் மேல் பாய்ந்தார். அப்புறம் அதற்காகவும் தன் மேலேயே கோபப்பட்டார்.

நடுவில் ஒரு நாள் ஒருவர் தகரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாவி தொலைந்துவிட்டதாம். அக்பர் நிமிர்ந்து பார்த்தார். முசரவாக்கத்து மைக்காரர்.

"சாவி எங்கன்னு மை போட்டுப் பாக்கறதுதானே?" என்றார் அக்பர்.

"நமக்கு நாமே பாத்துக்கக் கூடாது பாய், பலிக்காது."

"அடுத்தவனுக்குன்னா பலிக்கும். இல்ல?" வளைந்த விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். "இந்தா பாரு, பலிச்சிருக்குது."

மைக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

அடுத்த வைகாசி வந்தது. கருட சேவையன்று, பொழுது விடியும்போதே அக்பரைக் கொண்டுபோய் ஸ்டேஷன் பின்கட்டில் உட்கார வைத்தார்கள். அவரோடு இன்னும் ஆறு பேர். பக்கத்தில் இருந்தவர் கன்னியப்பன். அறுபது வயதுக்கு மேல். ஏரிக்கரை ஓரம் குடிசை போட்டு எலி பிடித்தும் பாம்பு பிடித்தும் பிழைக்கிறவர். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பசிக்கு ஒரு கோழியைப் பிடித்தார். அதற்குத் தண்டனையும் அனுபவித்துவிட்டார். ஆனால் நோட்டில் பேர் இருந்தது. திருவிழாவுக்குத் திருவிழா இந்தச் சுவரைத்தான் பார்க்கிறார்.

"நாயனச் சத்தம் கேக்குது. சாமி போறாரு போல" என்றார் கன்னியப்பன். "பொறந்த ஊருதான். கருட சேவையக் கண்ணால பாத்ததில்ல."

பத்து மணி சுமாருக்குப் பரசுராமன் மூச்சு வாங்க ஓடிவந்தார். வந்தவர் நேரே அலமாரியைத் திறந்து, அடையாளச் சீட்டுக் கட்டி வைத்திருந்த ஒரு பொருளை எடுத்தார். அக்பரின் இரும்புப் பட்டை. போன வருஷம் கேஸுக்குச் சாட்சிப் பொருள் என்று பறித்து வைத்தது.

"பாய், சீக்கிரம் வா. பெரிய ஐயா கார் பூட்டிக்கிச்சி."

"எந்தப் பெரிய ஐயா?"

"பந்தோபஸ்துக்கு வெளியூர்லேர்ந்து வந்திருக்கற டி.எஸ்.பி.பா. நீ வா, போயிக்கினே சொல்றேன்."

நடந்தது இதுதான். அந்த அதிகாரிக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டுகிறோம் என்று யாரோ ஆசை காட்டிவிட்டார்கள். வேலை நேரம். உடம்பில் காக்கி. காக்கியோடு போனால் மரியாதை கிடைக்காது. ஆகவே காருக்குள்ளேயே உடுப்பைக் கழற்றி, பட்டு வேட்டி கட்டி, பூட்ஸையும் உள்ளே விட்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். சாவி காக்கிச் சட்டைப் பையில். அவருக்கும் மேலே உள்ள அதிகாரி பதினொரு மணிக்கு ஊர்வலப் பாதையைப் பார்வையிட வருகிறார். அதற்குள் இவர் உடுப்பில் இருக்க வேண்டும்.

அக்பர் போய்ப் பார்த்தபோது டி.எஸ்.பி. தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை, வெற்று மார்பில் வியர்வை வழிய, கொதிக்கிற தெருவில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். தனசேகரன் அவருக்குக் குடை பிடித்தார். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர். கண்ணாடி வழியாகக் காக்கிச் சட்டையும் தொப்பியும் எல்லாருக்கும் தெரிந்தன.

"கல்லால ஒரு தட்டுத் தட்டட்டுமா சார்?" என்றார் தனசேகரன்.

"யோவ், இது என் மாமனார் வண்டிய்யா! வாங்கிப் பத்து நாள் ஆகலை. எங்கய்யா உன் ஆளு?"

பரசுராமன் பட்டையை நீட்டினார். அக்பர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, நான் தொறக்க முடியாதுங்க."

"ஏன்?"

"நான் கேடிங்க."

தெரு அடங்கியது. ஒரு வருஷமாக அக்பருக்குள் வெந்துகொண்டிருந்ததெல்லாம் இப்போது வாயில் வந்து நின்றது. "இந்த ஐயாதான் எழுதி வச்சிருக்காரு. கேடி ஒருத்தன் போலீஸ் உடுப்பு இருக்கற வண்டியில கைய வச்சான்னா, நாளைக்கு அதுவும் என் மேல ஒரு கேஸு. ஒரு வெரல் ஏற்கெனவே போச்சு, மிச்ச வெரலாவது வேணுங்க தொழில் பண்ண."

"மிரட்டறியாடா?" என்று தனசேகரன் குடையோடு ஓர் அடி முன்னால் வந்தார். டி.எஸ்.பி.யின் தலைக்கு வெயில் வந்தது.

"குடையப் பிடிய்யா ஒழுங்கா," என்றார் அவர். "இவன் என்ன கேஸு?"

"திருட்டுக் கேஸு சார். மையில..."

"எதில?"

"மை போட்டுப் பாத்ததுல இவன் முகம் தெரிஞ்சுது சார்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டி.எஸ்.பி. பல்லைக் கடித்தார். "கேஸ் என்னாச்சு?"

"வேற ஆளுங்க புடிபட்டாங்க சார். தண்டனையும் ஆயிடுச்சி."

"அப்புறம் இவன் பேரு ஏன்யா இருக்கு?"

தனசேகரன் குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"சரி, நாளைக்கு அடிச்சிடச் சொல்றேன். நீ திற" என்றார் டி.எஸ்.பி.

"நோட்டு பக்கத்துலதாங்க இருக்குது. கொண்டாந்து அடிச்சிட்டீங்கன்னா, தொறக்கறேன்."

"என் வார்த்தையை நம்ப மாட்டியா?"

"போன வருஷம் என் வார்த்தைய யாரும் நம்பலீங்க. நான் கண்ணாடியக் காட்டினேன், இவங்க வெத்தலையக் காட்டினாங்க."

டி.எஸ்.பி. தெருக் கோடியைப் பார்த்தார். கால் மாற்றினார். பிறகு பரசுராமனைப் பார்த்து ஒரே சொல் சொன்னார்: "கொண்டா."

நோட்டு சைக்கிளில் வந்தது. காரின் பானெட் மேல் விரித்து வைத்தார்கள். தகரம் கொதித்தது. தனசேகரன் பேனாவை எடுத்தபோது அக்பர் குறுக்கிட்டார்: "அவரு வேணாங்க. அவரு இன்னிக்கு அடிப்பாரு, நாளைக்கு எழுதுவாரு. நீங்க அடிச்சிக் கையெழுத்துப் போடுங்க. எதுக்குன்னும் எழுதுங்க."

கூட்டத்தில் நகராட்சிப் பள்ளிக்கூடத்து டீச்சர் கிருஷ்ணவேணி நின்றிருந்தார். அக்பருக்கும் தமிழ் படிக்கத் தெரியும். ஆனாலும் அவர் டீச்சரைக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, எல்லார் காதுலயும் விழறாப்பல படிச்சிடுங்க."

கிருஷ்ணவேணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வகுப்பில் படிப்பதுபோல உரக்கப் படித்தார்: "காசிம் சாயபு மகன் அக்பர். குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. பெயர் நீக்கப்பட்டது." பிறகு, "தேதி போடலீங்களே" என்றார். டி.எஸ்.பி. தேதியும் போட்டார்.

அக்பர் பட்டையைக் கையில் வாங்கினார். அதில் கட்டியிருந்த சீட்டைப் பிய்த்துப் போட்டார். "ஐயா, வெளியிலேர்ந்து பாத்தா தெரியாத சாமான் ஒண்ணு சொல்லுங்க."

"என்னய்யா இது?"

"எங்க அப்பா காலத்துச் சட்டங்க. மொதலாளியா இருந்தாலும் போலீசா இருந்தாலும் ஒண்ணுதான்."

டி.எஸ்.பி. தொண்டையைச் செருமினார். "டேஷ்போர்டுல... சீட்டுக்கட்டு இருக்கும்."

"பந்தோபஸ்துக்கு வந்தவரு ரம்மி ஆட வந்திருக்காருபா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தெருவே சிரித்தது.

அக்பர் சிரிக்கவில்லை. சோப்புத் தண்ணீர் தடவினார், பட்டையை உள்ளே விட்டார். தாழ் சிக்கியது. ஆள்காட்டி விரலால் அழுத்தம் கொடுக்க வேண்டிய இடத்தில் அந்த விரல் சொன்னபடி கேட்கவில்லை. பட்டை நழுவியது. மறுபடி விட்டார். மறுபடியும் நழுவியது. முன்பெல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிந்த வேலை. வியர்வை கண்ணில் இறங்கியது.

"என்னய்யா, சீக்கிரம் திறப்பான்னு சொன்னீங்க?" என்று டி.எஸ்.பி. தவித்தார்.

"போன வருஷம் வந்திருந்தா சீக்கிரம் ஆயிருக்குங்க" என்றார் அக்பர், தலையைத் திருப்பாமல். தனசேகரன் வேறு பக்கம் பார்த்தார்.

கடைசியில் இடது கையால்தான் தாழ் எழும்பியது. பன்னிரண்டு நிமிஷம். கண்ணாடியில் கீறல் இல்லை. ரப்பரில் கிழிசல் இல்லை. சீட்டுக்கட்டை எடுத்துச் சாட்சிகளுக்குக் காட்டினார். டி.எஸ்.பி. அதைப் பிடுங்கிக்கொண்டு வண்டிக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினார். ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. மேலதிகாரியின் ஜீப் தெருக் கோடியில் திரும்பியபோது காக்கியில் இறங்கி விறைப்பாகச் சலாம் வைத்தார். நெற்றி நாமத்தைத் துடைக்கத்தான் மறந்துவிட்டார்.

ஜனங்கள் அக்பர் முதுகில் தட்டினார்கள். "ஜெயிச்சிட்ட பாய்!" என்றார்கள். ஜெயித்தது போலத் தோன்றவில்லை அவருக்கு. உடைந்த கண்ணாடியைக் காட்டி நியாயம் கேட்டபோது அறை கிடைத்தது. மூன்று நாள் அழுதபோது ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் வாரா வாரம் கையெழுத்துப் போட்டபோது ஏன் என்று ஒருவன் கேட்கவில்லை. இன்றைக்கு ஒரு பெரிய மனிதரின் பாதம் சுட்டது, பேர் நீங்கியது. குற்றம் செய்யாதவன் என்பது அந்த நோட்டுக்குப் போதவில்லை. அதிகாரிக்குக் கால்சட்டை தேவைப்பட்டால்தான் அது திறக்கிறது. நினைக்க நினைக்க, காலையில் இருந்ததைவிடக் கோபம் கூடியது.

மெஹதாப் கொடுத்தனுப்பிய சாப்பாட்டுத் தூக்கு ஸ்டேஷனிலேயே இருந்தது. எடுக்கப் போனார். சேதி அதற்குள் பின்கட்டுக்கு வந்திருந்தது. கன்னியப்பன் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிச்சிட்டாங்களாமே பாய், உன் பேர? நோட்ட அங்கியே கொண்டாந்துட்டாங்களாமே?"

"ஆமா பெரியவரே."

"அதே நோட்டுலதானே பாய் என் பேரும் இருக்குது?" அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "என்னுதும் அடிக்கச் சொன்னியா?"

தெருவில் நோட்டு கைக்கெட்டும் தூரத்தில் விரிந்து கிடந்தது. பேனா திறந்திருந்தது. ஐம்பது பேர் சாட்சிக்கு இருந்தார்கள். டி.எஸ்.பி. அந்த நேரத்தில் எதற்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பார். இந்த ஆறு பேரின் நினைப்பே அக்பருக்கு வரவில்லை.

"கேக்கல பெரியவரே. தோணல எனக்கு."

"பரவால்லபா. எனக்கு இன்னா தொறக்கவா தெரியும்? எலி வளதான் தெரியும்" என்று சொல்லிக் கன்னியப்பன் மறுபடி சுவரோரம் உட்கார்ந்தார்.

அக்பர் தூக்கைத் திறந்து சோற்றை அவருக்குப் பாதி வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்தார். வாய்க்குப் போகவில்லை. தெருவில் கூட்டம் கலைந்து, மத்தியானம் ஏறியது. பரசுராமன் நோட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் அவரைப் பார்த்து நின்றார்.

"நீ இன்னும் போகலையா பாய்? நீதான் போலாமே. உன்ன யாரும் இனிமே உக்காரச் சொல்ல மாட்டாங்க."

அக்பர் கையைக் கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"போறேன். அந்த நோட்டக் கொஞ்சம் விரிங்க, ஏட்டய்யா. டீச்சரம்மா கையால ஒரு மனு எழுதணும்" என்றார். "இவரு பேரு எத்தினாவது பக்கத்துல இருக்குது?"